சித்தியின் இடது முழங்கால்

அறுவை சிகிச்சைக்கு முன்பு மருத்துவரின் அறையில் நடந்த பேச்சு எனக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. சித்திக்கு அவருடைய மொழி கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் தெரியும். நான் இரண்டிலும் படித்தவள் என்பதால் என்னை அழைத்துப் போயிருந்தாள். சித்தப்பா லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர். அன்றைக்கு அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டார்.

“ஈரப் புல்லு. மேட்டுல இருந்து பந்துக் கூடையோட இறங்கினேன். கால் அங்கேயே நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு” என்றாள் சித்தி.

சத்தம் ஏதாவது கேட்டதா என்றார்.

“கேட்டுச்சு. குச்சி ஒடியற மாதிரி. யாரோ மட்டைய ஒடிச்சுட்டாங்கன்னு நானே திரும்பிப் பாத்தேன்.”

நான் எடுத்துச் சொன்னதும் அவர் சிரித்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பி, பென்சில் முனையால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிடித்து நிறுத்துகிற தசைநார் முழுதாக அறுந்துவிட்டது. அதை அப்படியே தைத்தால் நிற்காது. தொடையின் பின்பக்கத்திலிருந்து, தசையை எலும்போடு கட்டும் நாணை எடுத்து, மடித்து, அந்த இடத்தில் பொருத்த வேண்டும்.

“ஜவ்வு கிழிஞ்சிருக்கு. இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?” என்றாள் சித்தி. பிறகு என் பக்கம் சாய்ந்து, “தொடையில எடுத்தா தொடைக்கு என்ன பண்ணுவாராம்?” என்று கேட்டாள்.

“அது சமாளிச்சுக்குமாம்.”

“உங்கம்மா ஒரு பேன்ட்டை வெட்டி இன்னொரு பேன்ட்டுக்கு ஒட்டுப் போடுவாளே, அந்தக் கதைதான்.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. மருத்துவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

“மறுபடி எப்ப பந்து அடிக்கலாம்னு கேளு.”

கேட்டேன். பந்தைக் குழிக்குள் மெதுவாக உருட்டுவதென்றால் மூன்று மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம். சின்னச் சின்ன அடிகள் அதற்கும் அப்புறம். முழு வீச்சு ஒன்பது மாதம் ஆகும் என்றார்.

“ஒன்பது மாசமா? புள்ளையே பெத்துடலாமே.”

இதைச் சொல்லிவிட்டேன். இந்தப் பிள்ளையும் நாள் நிறைவதற்கு முன்னால் பிறக்கக் கூடாது என்று அவர் பதில் சொன்னார். சித்தி சிரித்தாள். அவர் எழுந்து நின்று, கோல்ஃப் மட்டை பிடிப்பது போலக் கைகளைக் கோத்துக்கொண்டு, வலக்கைக்காரர் பந்தை அடிக்கும்போது இடது கால்தான் முன்னால் நிற்கிறது, உடம்பின் திருகல் முழுவதும் அந்த முட்டியில்தான் வந்து விழுகிறது என்று விளக்கினார்.

“அப்போ வலது முட்டியா இருந்திருந்தா?” என்றாள் சித்தி.

கொஞ்சம் சீக்கிரம் திரும்பியிருக்கலாம் என்றார்.

சித்தி சற்று நேரம் தன் இரண்டு முட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னாள். “முன்ன மாதிரி அடிப்பேனான்னு கேளு.”

நிறையப் பேர் திரும்பியிருக்கிறார்கள், எல்லாராலும் முடிந்ததில்லை என்றார் மருத்துவர். இரண்டு பாதியையும் அப்படியே சொன்னேன்.

“சரி, போலாம்” என்று சொல்லிக் கைத்தடியை எடுத்தாள்.

சித்தி கோல்ஃப் சொல்லிக்கொடுப்பவள் என்றால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். குள்ளமான உருவம், அகலமான தோள், எப்போதும் ஒரே சாம்பல் நிறத் தொப்பி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் நகரத்து ஓரத்தில் இருக்கும் கோல்ஃப் பயிற்சித் திடலில் பந்து கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். வரிசையாகப் பச்சை விரிப்புகள், இரண்டு விரிப்புக்கு நடுவே இடுப்பளவு தடுப்பு, எதிரே நீண்ட புல்வெளி, கடைசியில் உயரமான வலை. நாள் முழுக்க ஆட்கள் அடித்துத் தள்ளிய பந்துகளைக் கூண்டு வைத்த வண்டி பொறுக்கி வரும். அவற்றைக் கழுவி, இயந்திரத்தில் கொட்ட வேண்டும். திடல் திறப்பதற்கு முன்னால் கழுவிய பந்துகளில் ஒரு கூடையை எடுத்துத் தானே அடித்துப் பழகினாள். பழகியவள் ஆடினாள், ஆடியவள் பந்தயங்களுக்குப் போனாள். சொல்லிக்கொடுப்பவர்களுக்கான ஆட்டத் தேர்விலும் தேறினாள்.

ஆனால் சொல்லிக்கொடுக்க மொழி வேண்டும். அது அவளிடம் இல்லை. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கற்க வந்தவருக்கு நேர் எதிரே, முகம் பார்த்து நின்றுகொள்வாள். அவர் வலக்கைக்காரர் என்றால் இவள் இடக்கை மட்டையை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் தெரியும் பிம்பம் போல, அவரோடு சேர்ந்து மெதுவாக வீசிக் காட்டுவாள். பந்து இருக்காது. அவர் தோள் தூக்கினால் இவளும் தூக்கிக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, பிறகு இறக்குவாள். பத்து வார்த்தைகூடப் பேச மாட்டாள். கற்றுக்கொள்ள வந்தவர்களும் வாய் பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டு வீசுவார்கள். கண்ணாடி டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடி போட்ட ஆளைத் தேடி அலைவதும் உண்டு.

அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த வாரம் நான் பார்க்கப் போனபோது, கால் தலையணை மேல் இருந்தது. முட்டி ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. பிசியோதெரபிஸ்ட் வந்திருந்தார். அவர் தமிழ் பேசுகிறவர், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், யாரையும் விடாமல் கிண்டல் செய்கிறவர்.

“டீச்சர், தொடையை இறுக்குங்க.”

“இறுக்கிட்டேன்.”

“முகத்தை இறுக்கினீங்க. தொடை தூங்குது.”

சித்தி மறுபடி முயன்றாள். தொடை அசையவே இல்லை. இத்தனை வருஷம் சொன்னபடி கேட்ட கால் திடீரென்று யாருடையதோ ஆகிவிட்டதைப் போல அதையே பார்த்தாள். “என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது” என்றாள்.

அடுக்களையிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. “இந்த வீட்டுல உன் பேச்சைக் கேக்காத ஒரே ஆளு. அதை வெச்சுக் கொண்டாடு.”

பிசியோ சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. அவளுக்கு நாள் கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. குளிர் முடிந்து திடலில் கூட்டம் சேரும் பருவம் வரைக்கும் அவளுடைய விரிப்பை அப்படியே வைத்திருப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் வீசிக் காட்ட முடியாவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும். நல்லவர்தான், வேலையை விட்டு அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கலாம் என்றார்.

இரண்டாவது மாதத்தில் அவள் கவுன்ட்டரில் உட்காரத் தொடங்கினாள். ஒரு பிற்பகல் நான் அங்கே போயிருந்தேன். சட்டையில் அலுவலக அட்டை தொங்கிய ஒருவர் வந்து ஏதோ கேட்டார். சித்திக்குப் புரியவில்லை. அவர் அதையே உரக்கக் கேட்டார். பிறகு இன்னும் உரக்க, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். வாடகை மட்டை உண்டா என்பதுதான் கேள்வி. நான் பதில் சொன்னேன். அவர் போன பிறகு சித்தி மேஜை மேலிருந்த டோக்கன்களை அடுக்கினாள், கலைத்தாள், திரும்ப அடுக்கினாள்.

“காது நல்லாத்தான் கேக்குது எனக்கு” என்றாள்.

மூன்றாவது மாதம் முட்டி நன்றாகிவிட்டதுபோல் இருந்தது. வீக்கம் வடிந்தது, படியேறும்போது வலி இல்லை, நொண்டல் இல்லை. பிசியோ அப்போதுதான் அதிகமாகப் பயமுறுத்தினார். “இப்பதான் டீச்சர் கவனமா இருக்கணும். உள்ள வெச்ச நாண் முதல்ல தளர்ந்து, அப்புறம்தான் இறுகும். இப்ப அது ரொம்ப நோஞ்சான். வலி இல்லைன்னா ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.”

சித்தப்பாவும் தன் தொழிலை வைத்துச் சொன்னார். “புது ரோப் போட்டா அதுவும் முதல்ல கொஞ்சம் நீளத்தான் செய்யும். பாத்து பாத்துதான் லிஃப்டை ஓட்டுவோம். எடுத்த எடுப்புல கும்பலா ஏத்த மாட்டோம்.”

“நான் என்ன பத்தாவது மாடியா?” என்றாள் சித்தி.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து அவளை அழைத்துவரப் போனபோது கவுன்ட்டரில் வேறு ஒரு பெண் இருந்தாள். சித்தி பின்பக்கம் பந்து கழுவும் அறையில், கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்திருந்தாள். குளிர்பானப் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸைத் துண்டில் சுற்றி முட்டி மேல் வைத்திருந்தாள்.

“விழுந்துட்டீங்களா சித்தி?”

“இல்ல.”

“பின்ன?”

“அடிச்சேன்.”

அவள் ஐஸைத் திருப்பி வைத்தாள்.

“இடக்கையால அடிச்சேன்” என்றாள். “இடது முட்டி முன்னால நிக்கறதாலதானே இவ்வளவு நாள்? டாக்டர் அன்னிக்கு என்ன சொன்னாரு? வலது முட்டின்னா சீக்கிரம் வந்திருக்கலாம்னாரு. அதான் திரும்பி நின்னுட்டேன். இடக்கையால அடிச்சா வலது கால்தானே முன்னால. நான் சொல்லிக்கொடுக்கறப்ப தினம் அப்படித்தானே வீசறேன். கணக்கு சரியாத்தானே இருக்கு?”

பத்து நாளாகவே அடித்திருக்கிறாள். திடல் திறப்பதற்கு முன், கடைசி விரிப்பில், அரை வீச்சாக. ஒன்றும் ஆகவில்லை. பந்தும் நேராகப் போயிருக்கிறது. அன்றைக்குக் காலையில் மேனேஜர், தாடி வைத்த ஒருவரை அழைத்துவந்து அவளுடைய விரிப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். யார் என்று அவள் கேட்கவில்லை. மதியம் ஆள் குறைந்ததும் கடைசி விரிப்புக்குப் போய் முழு வீச்சு வீசினாள்.

எங்கே தவறியது என்று அவளே எழுந்து நின்று, முட்டியை அசைக்காமல், கையால் காட்டினாள். வீசி முடிக்கும்போது முன்கால் ஊன்றியிருக்க வேண்டும், பின்கால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு உடம்போடு திரும்ப வேண்டும். அவளுடைய இடது கால் இத்தனை வருஷமும் முன்கால். ஊன்றி நிற்பதுதான் அதற்குத் தெரியும். பந்து இல்லாமல் மெதுவாக வீசிக் காட்டியபோதெல்லாம் அவள் நினைத்து நினைத்துக் குதிகாலைத் தூக்கினாள். நிஜமாக, வேகமாக, கோபத்தோடு அடித்தபோது நினைக்க நேரமில்லை. ஆணி வைத்த காலணி விரிப்பைக் கவ்விக்கொண்டது. கால் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது.

“பந்து எங்க போச்சு தெரியுமா?” என்றாள். “கடைசி வலையில.”

மருத்துவரிடம் மறுபடி போனோம். அவர் சித்தியைப் படுக்கவைத்து, முட்டியை மடித்து, கீழ்க்காலை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல முன்னுக்கு இழுத்தார். முதலில் வலது கால். கதவு நிலையில் போய் நிற்பதுபோல டக்கென்று நின்றது. பிறகு இடது கால். அது கொஞ்சம் வந்தது, இன்னும் கொஞ்சம் வந்தது, எங்கே நின்றது என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. படுத்திருந்த சித்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். புது நாண் அறுந்துபோகவில்லை. நீண்டுவிட்டது. சிலருக்கு இவ்வளவு தளர்வோடு வாழ்க்கை ஓடிவிடும், தொடைத் தசை பலமாக இருந்தால் விளையாடக்கூட முடியும் என்றார் மருத்துவர். முட்டி அடிக்கடி நழுவ ஆரம்பித்தால் இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும், அப்போது நாண் வலது காலிலிருந்து எடுக்கப்படும். எப்படியும் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடக்கையால் அடித்ததைப் பற்றி அவர் திட்டவில்லை. யோசனையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, காலம்தான் தப்பு என்றார். சித்திக்கு அதைச் சொன்னேன். அவள் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் சித்தப்பா வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் காத்திருந்தார். நான் வாசலிலேயே விடைபெறப் பார்த்தேன். “நீயும் உள்ள வா” என்றார். சித்தி சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“உனக்கு நடக்கறது முக்கியமா, அந்தப் பந்து முக்கியமா?”

“ரெண்டும்தான்.”

“ரெண்டுல ஒண்ணுன்னா?”

சித்தி காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“கவுன்ட்டர்ல உக்காந்தா என்ன குறைஞ்சு போச்சு? நிழலு, நாற்காலி, காத்தாடி. நான் நாளெல்லாம் கிணறு மாதிரி குழிக்குள்ள கிரீஸோட நிக்கறேன். எனக்கு யாராவது நாற்காலி குடுத்தா ஓடிப்போய் உக்காருவேன்.”

“உங்களுக்கு அவங்க பேச்சு வரும்.”

“உனக்கும் வரும். இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டு இருக்கலாம்.”

“கத்துக்கல” என்றாள் சித்தி. குரல் உயரவில்லை. “வரல எனக்கு. வாயைத் திறந்தாலே ஒளிஞ்சுக்குது. அங்க உக்காந்தா எல்லாரும் என்னைப் பாத்து கத்தறாங்க. ஒண்ணும் தெரியாதவன்னு முடிவு பண்ணிடறாங்க. விரிப்புல நின்னா எனக்கு வாயே வேண்டாம். அவங்களே வாயை மூடிக்கிட்டு என்னைப் பாக்கறாங்க. பெரிய பெரிய ஆளுங்க. இந்த ஊர்ல நான் முழுசா இருக்கற இடம் அது ஒண்ணுதான். அதை வாங்கி வெச்சுக்கிட்டு நாற்காலி குடுக்கறீங்க.”

சித்தப்பா குனிந்து, அவள் காலணியின் நாடாவை அவிழ்த்துக் கழற்றிவிட்டார். “ஐஸ் வெச்சியா?” என்று மட்டும் கேட்டார்.

பருவம் வந்தது. தாடிக்காரர் அவளுடைய விரிப்பில் சொல்லிக்கொடுத்தார். சித்தி கவுன்ட்டரில் இருந்தாள். பகலில் அங்கே உட்கார்ந்துவிட்டு, மாலையில் பிசியோவின் அறைக்குப் போனாள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்காருவதுபோல நிற்பாள். தொடை நடுங்கும். ஒற்றைக் காலில் நின்று மெதுவாக முட்டியை மடக்குவாள். அப்போதுதான் இடது முட்டி அவளுக்குத் தெரியாமல் உள்பக்கமாகச் சாயும். “உள்ள போகுது டீச்சர்” என்பார் பிசியோ. “போகலையே” என்பாள் சித்தி. அவளுக்கு நேராக இருப்பதுபோல்தான் தோன்றும். முன்னால் பெரிய கண்ணாடி வைத்துக் காட்டினால் நம்புவாள். கண்ணாடியை நகர்த்தினால் மறுபடி சாயும். உலகத்துக்கெல்லாம் பிழை கண்டுபிடித்தவளுக்குத் தன் பிழை உடம்பில் உறைக்கவில்லை. அது அவளை மிகவும் கலங்கவைத்தது. ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் முட்டி சட்டென்று நழுவியது. விழவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதைச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று பார்வையாலேயே என்னிடம் சொன்னாள். மறுநாள் அவளே அவரிடம் சொல்லிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த குளிருக்கு முன்னால் மருத்துவர் ஒருமுறை முழு வீச்சு வீசிப் பார்க்க அனுமதித்தார். ஆணி இல்லாத காலணி, வலக்கை, புல்தரை, பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நிற்க வேண்டும். முட்டி தாங்கினால் தொடரலாம், உள்ளே சாய்ந்தாலோ நழுவினாலோ இரண்டாவது அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கலாம் என்றார். மேனேஜரும் ஒத்துக்கொண்டார். தாங்குகிறது என்றால் பாதி வகுப்புகள் அவளுக்கு.

விரிப்பு வரிசையின் ஓரத்தில், அதே வலையைப் பார்த்தபடி ஒரு சின்னப் புல்தரை உண்டு. காலையில் நாங்கள் போனபோது மேனேஜர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். தாடிக்காரரும் வந்திருந்தார், அவளுடைய பழைய மாணவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். எல்லாருடைய முகமும் தூரத்து வலையைப் பார்த்து இருந்தது. சித்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, என்னைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டாள். பின்னால் பத்தடி தள்ளி நின்றிருந்த நான் போனேன்.

“இவங்க எல்லாரும் பந்தைத்தான் பாப்பாங்க” என்றாள், மற்றவர்களுக்குப் புரியாத மொழி என்றாலும் குரலைத் தாழ்த்தி. “நானும் அதைத்தான் பாப்பேன், எனக்கு வேற மாதிரி அடிக்க வராது. நீ பந்தைப் பாக்காத. என் இடது முட்டி உள்ள சாயுதான்னு மட்டும் பாரு. சாஞ்சா சொல்லிடு. பந்து நல்லாப் போயிருந்தாலும் சொல்லிடு.”